ஒத்திகை முடியும்வரை

லைட்ஹவுஸ் குப்பத்தில் தாமோதரன் புதிதாகத் தொடங்கிய இசைக்குழுவில், ஒத்திகைக்கு வந்ததும் எல்லாருடைய செல்போனும் மீன் வைக்கும் காலி ஐஸ் பெட்டிக்குள் போய்விடும்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் அஞ்சு மணிக்கு வுட்டுடுண்ணே," என்று கீபோர்டு வாசிக்கும் சரவணன் கெஞ்சினான்.

பொன்னேரி ஸ்டேஷனில் வைஷ்ணவி பையோடு காத்திருப்பாள். இருவரும் சென்னைக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாகத் திட்டம்.

"இன்னாடா அவசரம்? நாளைக்கு மொத ப்ரோக்ராம். கல்யாணப் பாட்டுல நீதான் தாளத்த வுடுற. மறுபடி வாசி."

பதினோராவது முறை பிசகில்லாமல் வந்தபோது மணி ஏழு. தாமோதரன் கைதட்டினான்.

"இப்ப போலாமாண்ணே?"

"எங்க போவ? ஸ்டேஷன்ல உனக்காக உக்காந்திருந்த என் தங்கச்சிய எங்க தாய்மாமா இட்டுனு வந்துட்டாரு. காலைல அவருக்கும் அவளுக்கும் கல்யாணம். சாயந்தரம் ரிசப்ஷன்ல இதே மாதிரி வாசி, மச்சான்."