குதிரை தாவிய இடம்

வெட்டுப்பட்ட கறுப்புக் குதிரை செஸ் பலகைக்கு வெளியே கிடந்தது. ஆட்டம் தோற்றதிலிருந்து கறுப்பு யானை அதைத் திட்டிக்கொண்டே இருந்தது. "ராஜாவுக்குக் காவலா நின்ன நீ எதுக்குத் தாவிப் போனே? உன்னாலதான் அவர் மாட்டினாரு."

தன் தவறுதான் என்று குதிரையும் நம்பிவிட்டது.

தோற்ற சகாயமும் ஜெயித்த பாரூக்கும் காய்களை மறுபடி அடுக்கினார்கள். செஸ் கிளப்பில் அவர்கள் இருவரும் மோதினால், ஆட்டம் எங்கே பிசகியது என்று திரும்ப ஆடிப் பார்க்காமல் எழ மாட்டார்கள். குதிரைக்கு உடம்பெல்லாம் கூசியது. எல்லோரும் பார்க்க, அதே தவறை இன்னொரு முறை செய்ய வேண்டுமே.

அந்த இடம் வந்தது. சகாயம் இந்தத் தடவை குதிரையைத் தாவவிடாமல் காவலுக்கே நிறுத்திப் பார்த்தார். ராஜா இன்னும் சீக்கிரமாக மாட்டிக்கொண்டார்.

"குதிரை மேல தப்பில்லைங்க," என்றார் பாரூக். "அதுக்கு முன்னாடியே யானையை மூலையில சும்மா விட்டுட்டீங்க. அது நடுவுக்கு வந்திருந்தா நான் உள்ளே நுழைஞ்சிருக்கவே முடியாது."

குதிரைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று யானைப் பக்கம் திரும்பியது. யானை மூலையோடு மூலையாக ஒடுங்கி நின்றது.

"இனிமே எல்லாரும் என்னைத்தானே சொல்லுவாங்க?" என்றது அது.

கேட்க நினைத்ததைக் குதிரை விழுங்கிக்கொண்டது.

"உன்னை யாரும் நகர்த்தலையே," என்றது. "நீ என்ன செய்வே?"