சுலபமான வட்டப் பாதை

"வாராவாரம் அவ்வளவு தூரம் நடக்கிறேன்னு சொல்றீங்க மாப்பிள்ளை. அந்தச் சேதி உங்க வயித்துக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரலையே!"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் மனைவிக்கு அண்ணன். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். முந்தின நாள்தான் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார்.

ஏஜெண்டுக்குச் சுருக்கென்றது.

"என்ன மச்சான், இப்படிச் சொல்லிட்டீங்க? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வாய்க்கால் கரையைப் பிடிச்சா பழைய மாளிகை. அங்கே பூங்காவை ஒரு சுத்து. அப்புறம் தோப்பு வழியாத் திரும்பினா புறப்பட்ட இடத்துக்கே வந்துடலாம். சுலபமான வட்டப் பாதை. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். டாக்டர் சொன்ன நாள்லேருந்து ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்லை. வேணும்னா உங்க தங்கச்சியைக் கேளுங்க."

"ஆமாண்ணா," என்றாள் அவள். "காலையில போனா மத்தியானம்தான் வருவார். நான்தான் தண்ணி பாட்டிலைக் கையில குடுத்து, அவசரமே வேண்டாம், மெதுவா நடந்துட்டு வாங்கன்னு அனுப்பி வைப்பேன்."

இவளுக்குத்தான் என்ன நம்பிக்கை என்று ஏஜெண்டுக்கே கொஞ்சம் உறுத்தியது.

டாக்டர் நடக்கச் சொன்னது உண்மை. ஷூ வாங்கியதும் உண்மை. ஆனால் அந்த ஷூ இதுவரை ஏறியதெல்லாம் டயர் கடையின் மாடிப்படிதான். மேலே மின்விசிறிக்கு அடியில் ஜமுக்காளம், சீட்டுக்கட்டு, நண்பர்கள். வீடு திரும்புமுன் குழாயடிச் சேற்றில் ஷூவை ஒரு மிதி மிதித்துக்கொள்வார். மாளிகையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்த சுற்றுலா விளம்பரம் சொன்னதுதான்.

"இன்னைக்கும் ஞாயித்துக்கிழமைதானே?" டிரில் மாஸ்டர் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். "கிளம்புங்க. நானும் வர்றேன்."

"எதுக்குண்ணா? வந்த களைப்பே போயிருக்காது. மாளிகை என்ன, ஓடியா போயிடும்?" என்றாள் தங்கை.

ஏஜெண்டுக்குச் சட்டென்று ஒரு யோசனை. மனைவிக்கு முட்டிவலி. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால், அவளைச் சாக்கு வைத்துத் திரும்பிவிடலாம்.

"நீயும் வா. வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா முட்டி வலிக்காம என்ன செய்யும்?"

"ஐயோ, நான் எதுக்குங்க? வேலை கிடக்கு."

"வேலை எங்கேயும் போகாது. குடையை எடுத்துக்கோ."

வாய்க்கால் கரையில் ஏஜெண்டின் மூச்சு அவருக்கு முன்னால் போனது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. மாளிகையைக் கட்டிய ராஜாவுக்கு எத்தனை ராணிகள், எந்த ராணி எந்த ஜன்னலில் நின்றாள் என்று அளந்துகொண்டே வந்தார்.

"ராணிக் கதை இருக்கட்டும். இவ்வளவு மூச்சு வாங்குது, வாராவாரம் எப்படித்தான் போய்ட்டு வர்றீங்க?" என்றார் டிரில் மாஸ்டர்.

"பேசிக்கிட்டே நடக்கிறேன் இல்லையா, அதான்."

கொஞ்ச தூரத்தில், ஏஜெண்ட் ஆசைப்பட்டபடியே, மனைவி நின்றுவிட்டாள். "முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க. திரும்பிடலாம்."

"அடடா! பாவம் மச்சான், இதுக்கு மேல இவளால..."

"உட்கார்ந்தா பிடிச்சுக்கும்!" டிரில் மாஸ்டர் தங்கையின் கையைப் பற்றி இழுத்தார். "நட! லெஃப்ட், ரைட்!"

பாலத்துக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஏஜெண்ட் நின்றார். எதிரில் ஒரு பலகைகூட இல்லை. நெற்றியில் வியர்வை.

"என்ன மாப்பிள்ளை, இப்போ கண்ணைக் கட்டி விடணுமா?"

"இடது பக்கம்தான் போல இருக்குங்க," என்றாள் மனைவி அவசரமாக.

கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்ன பக்கம் ஏஜெண்ட் திரும்பியதே கிடையாது. அந்தக் கொள்கையை ஒரு பாலத்துக்காக மாற்றிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

"உனக்கு என்ன தெரியும்? பேசாம பின்னால வா," என்று வலது பக்கம் நடந்தார்.

வளைவு தாண்டியதும் மரங்களுக்கு மேலே மாளிகையின் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்து அதிகம் ஆச்சரியப்பட்டவர் அவர்தான்.

"பார்த்தீங்களா மச்சான்! அடிக்கடி நடக்கிற கால் தானா வந்து நிக்குது!" குரலில் புது ரத்தம் ஏறியிருந்தது. "இவ பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் எந்தக் குளத்துல நின்னுக்கிட்டிருப்போமோ!"

டிரில் மாஸ்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். மனைவி குடையை விரித்துத் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் காக்கிச் சட்டையில் காவலாளி. ஏஜெண்டுக்குத் துணிச்சல் தலைக்கேறியிருந்தது. மச்சான் பார்க்காதபடி காவலாளியிடம் கண்ணைச் சிமிட்டினார்.

"என்னப்பா, சௌக்கியமா? வாராவாரம் வர்றவன், என்னைத் தெரியாம இருக்குமா?"

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். உங்களை நான் பார்த்ததே இல்லையே."

டிரில் மாஸ்டரின் சிரிப்பில் மரத்திலிருந்த புறாக்கள் பறந்தன. "அப்படிப் போடு! மாட்டினீங்களா மாப்பிள்ளை?"

அசடு வழிய நின்ற ஏஜெண்டை விட்டுவிட்டு, காவலாளி குனிந்து குடைக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அட, அம்மாவா! வாங்கம்மா, வாங்க. என்னம்மா இது, எல்லா ஞாயித்துக்கிழமையும் உங்க வீட்டுக்காரரோட ஜோடியாத்தானே வருவீங்க, இன்னைக்கு அவரை விட்டுட்டு வேற யாரையோ கூட்டிட்டு வந்திருக்கீங்க?"