மேலே ஏறிய கோடு

திரையில் இருந்த பச்சைக் கோடு, குன்னூர் மலைப்பாதையில் ஏறும் பஸ் மாதிரி நிற்காமல் மேலே போனது.

கல்லூரி முதல்வர் தரணிதரன் அதைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். நம் பேராசிரியர்கள் மின்நூலகத்தை இந்த அளவுக்குப் பயன்படுத்துவார்கள் என்று தானே நினைக்கவில்லை என்றார். முதலிடம் தாவரவியல் துறைத் தலைவர் சில்வஸ்டருக்கு, அதிகம் படித்தது தேயிலை நோய்க் கட்டுரைகளாம். கைதட்டலுக்கு என்ன குறை, அறையே அதிர்ந்தது.

கடைசி வரிசையில் இருந்த நூலகர் மெட்டில்டாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

போன வருஷம் இதே அறையில் இதே முதல்வர்தான் கேட்டார், ஆசிரியர்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஆய்விதழ்களுக்குச் சந்தா எதற்கு, அதைக் கவனிக்க ஓர் ஆள் எதற்கு என்று. அன்று கோத்தகிரி பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதாள். புருஷன் போன பிறகு அவளுக்கும் மகள் ஜெபிஷாவுக்கும் சோறு போடுவது இந்த வேலை ஒன்றுதான்.

கோடு ஏறிவிட்டது. வேலை பிழைத்தது, கர்த்தரே.

கைதட்டியவர்களைப் பார்க்கத்தான் வேடிக்கையாக இருந்தது. இயற்பியல் சுசீலா, கணிதத் துறை மயில்சாமியை ஓரக்கண்ணால் பார்த்தார். இவரா இவ்வளவு படிக்கிறார் என்று அவரும் சுசீலாவைப் பார்த்தார்.

முதல்வர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். எல்லோரும் வீட்டிலிருந்தே படிக்கப் பழகிவிட்டதால் நூலக அறையைக் கூட்ட அரங்காக மாற்றப்போகிறார்கள். நூலகர் பணியிடமும் இந்த மாதத்தோடு முடிகிறது. மேடத்துக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி.

மெட்டில்டா வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள். அவங்க இல்லாம முடியாதுங்க என்று ஒரே ஒருவர் சொல்ல மாட்டாரா?

சில்வஸ்டர் எழுந்தார். ஒரே சர்ச், பல வருஷப் பழக்கம். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

தேயிலைக் கொப்புள நோய் பற்றிய கட்டுரைகளைத் தினமும் காலையில் வீட்டில் காபியோடு படிப்பதாகச் சொன்னார். பழகிவிட்டது, இப்போதெல்லாம் யார் உதவியும் தேவைப்படுவதில்லை என்றார். மறுபடியும் கைதட்டல்.

கூட்டம் கலைந்தது. வெளியே பனி இறங்கியிருந்தது. வராந்தாவில் சில்வஸ்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ஏனுங்க மேடம், நாளைக்கு நான்தான் எல்லாருக்கும் மின்நூலகத்தைத் தொறந்து காட்டோணுமாமுங்க. என்ற பாஸ்வேர்ட் என்னதுங்க?”

“உங்க பொறந்த நாள்தானுங்க சார். நான் வெச்சுக் குடுத்ததை நீங்க யாருமே மாத்துலீங்க.”

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மெட்டில்டா நூலகத்துக்குத் திரும்பினாள். காலையில் வந்ததும், ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் சில்வஸ்டர் பெயரில் நுழைந்து அவள் திறந்த தேயிலைக் கட்டுரை கணினியில் அப்படியே இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் வேலையோடு பேரும் போகும்.

கட்டுரையை மூடினாள். மத்தியானம் எப்போதும் இயற்பியல்தான். பழக்கதோஷம், விரல்கள் தன்பாட்டுக்குச் சுசீலாவின் பிறந்த நாளை அடித்தன.