நடுவழியில் நின்ற மொறிஸ்

“நிஸாம், நீ திருத்தின மொறிஸ் கார் இண்டைக்கும் வயல் ரோட்டில வாயத் துறந்துகொண்டு நிக்கிது!”

முபாறக் ஹாஜியார் வேனிலிருந்து இறங்கவேயில்லை. கல்முனையில் நிஸாமின் கராஜுக்கு முன்னால் பிரேக் அடித்து, சொல்ல வேண்டியதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பக்கத்து டயர்க்கடைக்காரன் சிரித்தான்.

“இரிக்காது ஹாஜியார். அது சூடேற வழியே இல்ல.”

“நான் கண்ணால கண்டதச் சொல்றன். பொனட்டத் தூக்கி வெச்சிக்கொண்டு றவூப் வெயிலுக்க நிக்கிறான். முந்தாநாள் காலையிலயும் நிண்டான். பாவம், பொஞ்சாதியும் உள்ளுக்க இருந்து அவியிது, நோன்பு நாளையில.”

நிஸாமுக்குச் சுர்ரென்று ஏறியது. காலைக் குளிரிலுமா ஓர் எஞ்சின் கொதிக்கும்?

பழைய கார்களின் சூட்டைத் தணிப்பதில் அவனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. றவூபின் மொறிஸ் மைனருக்கு அவன் செய்யாத வைத்தியம் இல்லை. வருசக்கணக்காகக் கிணற்று உப்புத்தண்ணீர் ஊற்றி ஊற்றித் துரு அடைத்துப்போன றேடியேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு குழாயாகக் குத்தித் துப்புரவாக்கினான். காத்தாடி இழுக்கும் காற்று சிதறாமலிருக்கத் தகரத்தில் ஒரு வளையம் அடித்துப் பூட்டினான். உச்சி வெயிலில் அக்கரைப்பற்றுவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தான்.

“ஏன் கேக்கிறன் எண்டா,” ஹாஜியார் குரலைத் தணித்தார். “பெருநாள் கழிஞ்சி மகன்ட கலியாணம். என்ட வாப்பாட பழைய ஒஸ்டின் கார்லதான் மாப்பிள்ளையப் பொண்ணு வீட்ட கொண்டு போற. நடுரோட்டில மாப்பிள்ளை இறங்கித் தள்ளினா என்ட மானம் என்னாகிற? அந்த மொறிஸ் நிக்காம ஓடினா ஒஸ்டின் வேல உனக்கு. இல்லாட்டி மட்டக்களப்பு கராஜுக்கு அனுப்பிருவன்.”

அந்த ஒஸ்டினுக்காக நிஸாம் எவ்வளவு நாள் காத்திருந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். அது ஊர்வலம் போனால் அவன் பெயரும் கூடவே ஊர்வலம் போகும்.

அடுத்த நாள் கந்தோர் விடும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். றவூபும் மனைவி பஸ்லியாவும் இறக்காமத்தில் ஒரே அரச கந்தோரில் வேலை. ஒன்றாகத்தான் வருவார்கள்.

சம்மாந்துறை தாண்டியதும் வயல்வெளி. அறுவடை நேரம், ரோட்டோரமெல்லாம் நெல் காய்ந்தது. ஹாஜியார் பொய் சொல்லவில்லை. பொனட்டைத் தூக்கியபடி மொறிஸ் நின்றது. பக்கத்துக் கண்ணாடிகளிலும் பின் கண்ணாடியிலும் வெயிலுக்குத் துவாய் தொங்கியது. றவூப் எஞ்சினை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன சேர் இது? என்னட்ட ஒரு சொல் சொல்லப்படாதா? ஊரெல்லாம் என்ட பேரு பழுதாகுது!”

“அது... கொஞ்சம் ஆறினாச் சரி நிஸாம். நீங்க போங்க.”

நிஸாம் குனிந்தான். ஆவி இல்லை. சீறல் இல்லை. பொங்கினால் தண்ணீர் வழிந்து விழும் குழாயின் வாய் காய்ந்து கிடந்தது.

“இது கொதிக்கல்லயே! சும்மா எதுக்குப் பொனட்டத் தூக்கி வெச்சிரிக்கீங்க?”

கோபத்தில் சாத்தப் போனான். றவூப் பாய்ந்து கையைப் பிடித்தார்.

“சாத்தாதீங்க!”

அதற்குள் பொனட் பாதி இறங்கிவிட்டது. முன்கண்ணாடிக்குள் பஸ்லியா தெரிந்தாள். கையில் கடித்த வாழைப்பழம், மடியில் தண்ணீர்ப் போத்தல். அவனைக் கண்டதும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

நோன்பு நாளில், பட்டப்பகலில்! நிஸாமின் முகம் இறுகியது.

“ரெண்டு தரம் புள்ள தங்காமப் போச்சி நிஸாம்,” றவூப் பிடித்த கையை விட்டார். “இது மூணாவது. மூணு மாசம் கழியட்டும் எண்டு உம்மாக்கும் சொல்லல்ல. டொக்டர் நோன்பு வேணாமெண்டிட்டார், மார்க்கத்திலயும் இடமிரிக்கி. ஆனா நோன்பு இல்லையெண்டா ஏன் எண்டு கேப்பாங்க. போன ரெண்டு தரமும் சனத்திட விசாரிப்புலதான் இவ உடைஞ்சி போனா. கந்தோர்லயும் ஆக்கள், வீட்டயும் ஆக்கள். இந்தக் காருக்குள்ளதான் இவக்கு ஒரு வாய் தண்ணி.”

“ஓடக்குள்ள குடிக்கேலாதா சேர்?”

“பழைய கார் போனா எல்லாரும் உள்ளுக்கத்தான் பாப்பாங்க. பொனட்டத் தூக்கி வெச்சா எஞ்சினத்தான் பாப்பாங்க.”

நிஸாமுக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பின்னால் ஹோர்ன் கேட்டது. வயல் பார்த்துவிட்டு வந்த முபாறக் ஹாஜியாரின் வேன்.

“பாத்தியா! வைத்தியரே வந்து நிக்கிறார்!” சிரித்துக்கொண்டே இறங்கி மொறிஸை நோக்கி நடந்தார்.

நிஸாம் சட்டென்று பொனட்டை முழுதாகத் தூக்கினான்.

“கிட்ட வராதீங்க ஹாஜியார்! தண்ணி கொதிச்சிச் சீறுது, முகத்தில அடிச்சிரும்!”

ஹாஜியார் நின்ற இடத்திலேயே நின்றார். “அப்ப உன்ட வேலதான் பிழை?”

நிஸாம் எஞ்சினைக் குனிந்து பார்த்தான்.

“ஓம் ஹாஜியார். என்ட பிழைதான்.”

“நோன்போட பொய் சொல்லாம ஒத்துக்கொண்டாய், அதுக்குச் சந்தோசம். ஒஸ்டின் மட்டக்களப்புக்குப் போகட்டும்.”

வேன் போய்விட்டது. நிஸாம் பொனட்டைத் தாங்கும் கம்பி சரியாக முட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான்.

“நாளைக்கு இந்த வெட்ட வெளியில வேணாம் சேர். அங்கால வளைவில ஒரு மருதமரம் நிக்கிது. அங்க சூடேறட்டும். தங்கச்சிக்கு நிழலாயிரிக்கும்.”