கடைசி வரிக்குக் கீழே

ஏரி அலுவலகத்தில் கொக்குதான் அதிகாரி. நீர்க்காகம் எழுத்தர். வருகிற தபாலுக்கெல்லாம் பதில் எழுதுவது நீர்க்காகம். கையெழுத்துப் போடுவது கொக்கு.

கண்காணிப்பாளர் பதவி மூன்று முறை காலியானது. மூன்று முறையும் நேற்று வந்த ஏதோ ஒரு வெள்ளைப் பறவைக்குப் போனது.

"உன் வேலையில் குறை இல்லை. ஆனால் பெரியவர்கள் வந்து போகிற இடம் இது. முன்னால் உட்காருகிறவர் வெள்ளையாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும்" என்றது கொக்கு.

நீர்க்காகம் அதை அப்படியே புகாராக எழுதியது. யாருக்கு எந்தத் தேதியில் பதவி போனது என்பதையும் சேர்த்தது. ஆற்றுக்கு அப்பால் இருந்த தலைமை அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டது.

தலைமை அலுவலகம் வழக்கம்போல அந்தப் புகாரின் மேலேயே, 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்று எழுதி, ஏரிக்கே திருப்பி அனுப்பியது.

கொக்கு அந்த ஒரு வரியை மட்டும் படித்தது.

"ஏதோ புகாராம். ஒரு பதில் போட்டுக் கொண்டு வா" என்று நீர்க்காகத்திடம் நீட்டியது.

நீர்க்காகம் தன் இடத்தில் உட்கார்ந்து, ஈரச் சிறகைச் சற்று நேரம் விரித்து வைத்திருந்தது. பிறகு நிதானமாக எழுதி எடுத்து வந்தது.

"எங்கே போடணும்?" என்றது கொக்கு, தண்ணீரில் ஓடிய மீனைப் பார்த்தபடி.

"கடைசி வரிக்குக் கீழே, அய்யா."

கொக்கு கையெழுத்துப் போட்டது. அந்தக் கடைசி வரி இதுதான்: 'மனுதாரர் தெரிவித்துள்ளவை அனைத்தும் உண்மையென விசாரணையில் தெரியவருகிறது.'