எந்தப் பாஷை?

“யாருகிட்டயும் கடன் வாங்கக் கூடாது. தெரியுதா?”

புது மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே தங்கதுரை தினமும் சொல்லும் பாடம் இது. விருதுநகரிலிருந்து ஓசூர்க் கம்பெனி வேலைக்கு வந்தவர்.

“வாங்க மாட்டேன்ப்பா” என்று நாலாவது படிக்கும் அமுதாவும் தினமும் ஒப்பிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கடை வெங்கடம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

“சார், பாப்பா தலையில இருக்கிற கிளிப்புக்கு மூணு ரூபா வரோணும்.”

தங்கதுரைக்கு முகம் சிவந்தது.

“கடன் வாங்குனியா?”

“ஐயோ, இல்லப்பா! அப்புன்னு சொல்லித்தான் வாங்குனேன்.”

“அடிப்பாவி! தெலுங்குல அப்புன்னா கடன்தான்!”

அமுதா விழித்தாள். “அப்போ சென்னப்பன் கடையில பென்சில் டப்பா வாங்குனேனே, அது?”

“அங்க என்ன சொன்ன?”

“சாலான்னு.”

“அது கன்னடத்துல கடன்!”

வெங்கடம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். தங்கதுரைக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“எந்தப் பாஷையில வாங்குனாலும் கடன் கடன்தான். அப்படி வாங்குன பொருள் நம்ம வீட்டுல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. திருப்பிக் குடு!”

அமுதா மறுபேச்சில்லாமல் கிளிப்பைக் கழற்றி வெங்கடம்மாவிடம் கொடுத்தாள். உள்ளே ஓடிப் பென்சில் டப்பாவையும் எடுத்து வந்தாள். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அப்பா, இந்த வண்டி லோன்ல எடுத்ததுன்னு நேத்து மாமாகிட்டச் சொன்னீங்களே... லோன்னா அது எந்தப் பாஷைப்பா?”