நாலாவது ரேக்

சரியாகப் பதினோரு மணிக்கு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. பஸ் கம்பெனியின் உதிரிபாக ஸ்டோரில் இருபது வருஷம் எனக்கு மேலே இருந்தவர். அவர் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் நாற்காலியில் பிறகு நான் உட்கார்ந்தேன்.

தினமும் கூப்பிடச் சொன்னது அண்ணி. "மனுஷன் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எதையாவது கேளுங்களேன் தம்பி" என்று அழாத குறையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒரு கேள்வி. வாஷர் எங்கே, பெல்ட் எங்கே, பல்பு எங்கே.

எனக்குத் தெரியாத இடமா? கண்ணைக் கட்டி விட்டாலும் எடுத்து வருவேன். ஒரு மனுஷனை நான்தான் எழுப்பி நடமாட வைக்கிறேன் என்று எனக்குள் கொஞ்சம் கர்வம். பொய் சொல்வானேன், நிறையவே கர்வம்.

முதல் மணியிலேயே எடுத்தார். போனை மடியிலேயே வைத்திருப்பார் போல.

"அண்ணே, கியர் பாக்ஸ் சீல் எங்கண்ணே வச்சீங்க? மெக்கானிக் வந்து உசுரை வாங்குறான்."

பக்கத்தில் சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. அதுவும் நல்லதற்குத்தான்.

"உன்னையெல்லாம் வச்சுக்கிட்டு இருபது வருஷம் எப்படித்தான் மாரடிச்சேனோ! மூணாவது ரேக், கீழ்த்தட்டு, பச்சை டப்பா. எடுத்ததும் அட்டையில எழுது."

"எழுதிடறேண்ணே."

வழக்கமாக இந்த இடத்தில் வைத்துவிடுவார். இன்று வைக்கவில்லை.

"தம்பி, நாளைக்கும் கூப்பிடு. ஆனா நாலாவது ரேக்லேருந்து கேளு. மூணாவதை நேத்து ஏலக்காரங்களுக்கு நான்தான் காலி பண்ணிக் கொடுத்தேன்."

வைத்துவிட்டார்.

டயர் கடைக்காரர் சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பது நாளாக இதே நேரத்துக்கு அவர் கடை வாசலில் வந்து நின்று போன் பேசுகிறேன். பஸ் கம்பெனியை மூடி அத்தனை நாள் ஆகிறது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஐம்பது வயதில் எந்த வாயால் சொல்வது? மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாடு பையில் கனத்தது.

சாமான்களை அடையாளம் காட்ட அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட வயிற்றெரிச்சலாக இருந்தது.

இத்தனை நாளும் அவர் முதல் மணியிலேயே எடுத்தது எனக்காக என்று அப்புறம்தான் உறைத்தது.

பூங்காவுக்குப் போய் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது.

பையிலிருந்து நோட்டை எடுத்து, நாலாவது ரேக்கில் என்னென்ன இருந்தது என்று மேல்தட்டிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.